பற்று

காலை ஆறு மணிக்குப் பதிவு திறக்கும் என்றார்கள்.
ஆறு மணிக்கு நான் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியில்,
ஓசூர்ப் பேருந்தின் கடைசிக்கு முந்தைய இருக்கையில்,
ஒரு கோபுரம் கைவிட்டு
இன்னொரு கோபுரம் இன்னும் பிடிக்காத
முக்கால் கிலோமீட்டரில் இருந்தேன்.
வட்டம் சுற்றியது. சுற்றியது.
சந்தாபுரா வந்தபோது
சந்தையியலின் அறுபது இடங்களும் நிரம்பியிருந்தன.
நிதிக் கணக்கியலில் மட்டும் பதினொன்று மிச்சம்.
யாருக்கும் வேண்டாததை எடுத்தேன்.
எடுத்தபின்தான் தெரிந்தது
அதைத் தாண்டாமல்
மற்ற ஐந்தையும் தொடவே முடியாதென்று.

என் மேஜர் தத்துவம்.
மைனர், வணிகம்.
மைனர் என்றால் எங்கள் பக்கத்தில்
சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு
சங்கிலி தெரிய பைக்கில் திரிகிறவன்.
இவனும் அப்படித்தான்:
ஆறு தாள், இருபத்துநான்கு கிரெடிட்,
எதிலும் ஐம்பதுக்குக் குறையக் கூடாது.
வியாழக்கிழமை பதினொன்றேகாலுக்கு
வணிகச் சட்டத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து
வைசேஷிக வகுப்பின் மேல் மோதினான்.

ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை.
உதவித்தொகைப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது:
'வேலைக்குப் பயன்படும் கூடுதல் தகுதி.'
அதைக் காலியாக விட்டு நிராகரிக்கப்பட்டவர்களில்
நஃபீசாவின் பெயரைப் பார்த்தேன்.
அவ்வளவுதான்.

நான்காம் எண் சாளரத்தில் சென்னபசப்பா சார்.
மோதலைத் தீர்க்கப் படிவம், மூன்று பிரதி,
இரண்டு துறைத்தலைவர்களின் கையெழுத்து.
'நாளெ பன்னி' என்பார்.
நாளை வாருங்கள் என்று அர்த்தம்.
முதல் பருவத்தில் சுருக்கென்றது.
நான்காம் பருவத்தில்
அவருக்கு முன்பாக நானே சொல்லிவிட்டேன்.
சிரித்துக்கொண்டே முத்திரையைத் தேடினார்.
முத்திரை கிடைத்தது.
மை இல்லை.

ரெபெல்லோ மேடம் பலகையில்
உச்சி இல்லாத சிலுவை ஒன்று வரைவார்.
அதன் இரு கைகளின் கீழும்
உலகத்தின் கொடுக்கல் வாங்கல் எல்லாம் அடங்கும்.
பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள் நான்.
இடைத்தேர்வில் கை தானாக எழுதிவிட்டது
இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு.
சிவப்பு வட்டம். ஓரத்தில் கேள்விக்குறி.
என்ன இது?
டெபிட், மேடம்.
வேறு அர்த்தம் உண்டா?
விட முடியாமல் பிடித்துக்கொண்டிருப்பது.

அன்று காலைதான் இன்னொரு வகுப்பில்
அதை விடுவதற்கான நான்கு வழிகளை
நான்கு மதிப்பெண்ணுக்கு எழுதியிருந்தேன்.

மேடம் பேனாவை மூடினார். திறந்தார்.
இரண்டும் இடப்பக்கம்தானே போகும் என்றார்.
அரை மதிப்பெண்
குறைத்தது குறைத்ததுதான்.

இப்போது எல்லாம் முடிந்து
ஒரே ஒரு கிரெடிட் குறைகிறது.
தெருமுனைக் கடையில் கிரெடிட் என்றால்
தலை குனிந்து கேட்பது,
இங்கே நிமிர்ந்து ஈட்டுவதாம்.
ஏரிக்கரையில் முப்பது மணி நேரம்
குப்பை பொறுக்கினால் அந்த ஒன்று வரும்.
நஃபீசாவும் வருகிறாள்.
அவளுக்கு இது தேவையில்லை.
சனிக்கிழமை வேறு வேலையும் இல்லை என்கிறாள்.

நுரை காற்றில் பறந்து வந்து
கையுறையில் ஒட்டுகிறது.
இதுவரை நாற்பத்தொரு செருப்பு எடுத்திருக்கிறோம்.
பெரும்பாலும் இடக்கால்.
ஜோடி ஒன்றுகூடச் சேரவில்லை.
இவற்றை எந்தப் பக்கம் எழுதுவாய் என்கிறாள்
சேற்றைத் தட்டிக்கொண்டே.

நேரப் பதிவேட்டில் கையெழுத்திடும் ஆள்
நான்கு மணிக்கே போய்விட்டார்.
இன்னும் ஏழு மணி நேரம் பாக்கி.
ஐந்து இருபதுக்கு ஓசூர் வண்டி.
நஃபீசா ஒரு வலக்கால் செருப்பைத் தூக்கிக் காட்டுகிறாள்,
தொலைவிலிருந்து,
அளவு பொருந்துமா என்று தெரியவில்லை.